சாயவேரும் டி-ஷர்ட்டும்

முகூர்த்த நாளில் கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்குப் போனால் எது யார் வீட்டுக் கல்யாணம் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஒரே காலையில் நூறு ஜோடிகளுக்கு மேல் மாலை மாற்றிக்கொள்ளும் தலம் அது. கெடிலக் கரையிலிருந்து ஔஷதகிரி அடிவாரம் வரைக்கும் பட்டுப் புடவையும் வேனும் சாப்பாட்டுப் பந்தியும்தான். இந்தக் கூட்டத்தில் வழி தெரியாமல் நிற்கும் உறவினருக்கு இப்போது ஓர் அடையாளம் கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நிற்பார்கள். முன்பக்கம் மணமக்கள் பெயரும் தேதியும். முதுகில் ஒரு சினிமா வசனம். ஜாதகம் பார்க்கச் செலவிட்ட நேரத்தைவிட அந்த வசனத்தைத் தேர்ந்தெடுக்கச் செலவிட்ட நேரம் அதிகமாக இருக்கும்.

ஆறு மாதம் கழித்து அந்த டி-ஷர்ட்டுகளைப் பார்க்க வேண்டும். ஒருவருடையதில் மணமகள் பெயர் பாளம் பாளமாக வெடித்திருக்கும். இன்னொருவருடையதில் முழு ஸ்டிக்கராக உரிந்து வந்திருக்கும். வேறொரு கல்யாணத்தில் கொடுத்தது, விலையும் ஏறக்குறைய அதேதான், நேற்று அடித்ததுபோல இருக்கும். மெஷின் நல்லது, கெட்டது என்று நாம் பேசிக்கொள்கிறோம். மெஷினுக்கு இதில் பங்கு குறைவு. நிறம் துணியை எந்த வகையில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. இதற்கு இன்று நான்கைந்து விடைகள் உண்டு. அவற்றில் மிகப் பழையதும், என் கணக்கில் மிக அழகானதும், இதே கடலூர்க் கரையில் புழங்கிய விடை.

சொல்லி அச்சிடும் உடை இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே சோழமண்டலக் கரையின் எழுதுதுணிகள் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. தென்கிழக்காசியத் தீவுகளுக்கு ஒரு மாதிரி, சயாம் அரசவைக்கு அவர்கள் அனுப்பிய வடிவத்தில் ஒரு மாதிரி, ஜப்பானுக்குச் சின்னப் பூக்களோடு ஒரு மாதிரி என்று வாடிக்கையாளரின் ரசனைக்கேற்பத் தயாரானவை அவை. டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கிடங்கு போட்டது துணிக்காகத்தான். 1690-இல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கி செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்ததிலும் துணி வணிகத்துக்குப் பெரிய பங்குண்டு. (கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரை எங்கள் எல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். நில அளவையில் இதைவிடச் சுலபமான முறை இருக்க முடியாது.) அதே கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் 1643-இலேயே சூரத்துக்குக் கடிதம் எழுதி, சிவப்பு அடித்தளம் இங்கே விலைபோகவில்லை, வெள்ளை அடித்தளத்தில் பூ எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இன்று வாட்ஸ்அப்பில் டிசைனை அனுப்பி, பேக்ரவுண்டை மட்டும் மாத்திக் கொடுங்க அண்ணே என்கிறோமே, அதே வேலைதான்.

அந்தத் துணியைக் கண்டு ஐரோப்பிய நெசவாளர்கள் பயந்துபோனார்கள். பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடைசெய்தது. இங்கிலாந்தும் தடைபோட்டது. லண்டனின் புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக் வீட்டுக் கட்டிலுக்காக இந்தக் கரையில் தயாரான திரைத்துணியை 1775-இல் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அந்தத் துணி இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டரை நூற்றாண்டு ஆகியும் அதன் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. ஐரோப்பியர் அதுவரை அறிந்த அச்சுத்துணிகள் துவைத்தால் வெளுக்கும். இது துவைக்கத் துவைக்கத் தெளிந்தது. அவர்கள் மயங்கியதற்குப் பூவேலையைவிட இதுதான் பெரிய காரணம்.

எப்படி அது நின்றது என்று தெரிந்துகொள்ள பிரெஞ்சுக்காரர்கள் வேவு பார்க்கவே இறங்கினார்கள். 1734-இல் பொலியு என்ற கடற்படை அதிகாரி புதுச்சேரியில் உட்கார்ந்து, கைவினைஞர் ஒரு துணியை முடிக்கும் வரை கூடவே இருந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். அந்தத் துண்டுகள் குறிப்போடு சேர்த்து பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1742-இல் கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார் முழுச் செய்முறையையும் கடிதமாக எழுதி ஊருக்கு அனுப்பினார். இன்றைய வேதியியல் கண்ணோடு அந்தச் செய்முறையைப் பார்த்தால், ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது புரியும்.

முதலில் துணியை வெளுக்க வேண்டும். பருத்தியின் மேல் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. அது போகாமல் எந்த நிறமும் உள்ளே இறங்காது. சாணக் கரைசலில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, மறுபடி மறுபடி துவைத்தார்கள். அடுத்து, கடுக்காய்த் தூளை எருமைப் பாலில் கரைத்து அதில் துணியை நனைத்தார்கள். கடுக்காயின் துவர்ப்பு டானின் என்ற பொருளால் வருவது. அது பருத்தி இழையில் ஒட்டிக்கொண்டு, பிறகு வரப்போகும் உலோகத்தை இழுத்துப் பிடிக்கும். பாலின் கொழுப்புக்கு வேறு வேலை. துணியில் வைத்த கோடு ஊறிப் படராமல் தடுப்பது அது. எருமைப் பாலில் பசும்பாலைவிடக் கொழுப்பு அதிகம் என்பது நம் வீட்டுத் தயிரிலேயே தெரியும். அதனால்தான் எருமைப் பால்.

பிறகு தாளில் வரைந்த டிசைனின் கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்து, கரித்தூள் மூட்டையால் தட்டுவார்கள். துளைகள் வழியே புள்ளிகள் இறங்கும். ஒரே தாளை வைத்து எத்தனை துணி வேண்டுமானாலும் எழுதலாம். ஸ்க்ரீன் பிரிண்டிங்கின் தாத்தா இந்தத் தாள்.

இனிமேல்தான் வித்தை. கருப்புக் கோட்டுக்கு, பழைய இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவைத்த நீரைத் தொட்டு எழுதுவார்கள். கடுக்காய் ஏறிய துணியில் அது பட்டதும் கறுக்கும். சிவப்பு வரவேண்டிய இடத்திலோ சிவப்பை வைப்பதில்லை. படிகார நீரை வைப்பார்கள். படிகாரத்துக்கு நிறமே கிடையாது. எங்கே வைத்தோம் என்று கண்ணுக்குத் தெரிவதற்காகக் கொஞ்சம் பதங்கக் கட்டைச் சாறு சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பிறகு ஓடும் நீரில் அலசி, முழுத்துணியையும் சாயவேர் போட்ட பானையில் வேகவைப்பார்கள். படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவப்பாகும். மற்ற இடங்களில் லேசாக ஏறிய நிறம் சாணத்திலும் வெயிலிலும் போய்விடும்.

சாயவேர் நம் கடற்கரை மணலில் வளரும் சின்னச் செடி. சித்த மருத்துவத்தில் அதற்கு இம்பூறல் என்று பெயர். அதன் வேர்ப்பட்டையில் அலிசரின் என்ற சாயப்பொருள் இருக்கிறது. அலிசரினுக்குத் தனியாகப் பருத்தியைப் பிடிக்கும் வலு இல்லை. ஆனால் அலுமினிய அயனியைக் கண்டால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும். அலுமினியம் ஏற்கெனவே இழையையும் டானினையும் பற்றிக்கொண்டிருக்கிறது. ஆக இழை, உலோகம், சாயம் மூன்றும் ஒரே கட்டாகிவிடுகின்றன. அந்தக் கட்டு தண்ணீரில் கரையாது, சோப்புக்கும் அசையாது. படிகாரத்தில் அலுமினியம் இருப்பதால் சிவப்பு. அதே பானையில், அதே வேரில், இரும்பு பட்ட இடம் ஊதாவாகவும் கருப்பாகவும் மாறும். எகிப்தியர்கள் நிறமில்லாத மருந்தைத் துணியில் பூசி, ஒரே கொப்பரையில் முக்கி, பல நிறத்தோடு எடுப்பதைக் கண்டு கி.பி. முதல் நூற்றாண்டிலேயே பிளினி வியந்து எழுதியிருக்கிறார். கடலூர்க் கரைக்காரர்கள் அதை நுண்கோடு எழுதும் அளவுக்குக் கொண்டுபோனார்கள்.

நீலம் வேறு ரகம். அவுரியிலிருந்து கிடைக்கும் நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் நொதிக்கவைத்து ஆக்சிஜனை விலக்கினால் கரையும் வடிவத்துக்கு வரும். துணியை முக்கி வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு மறுபடி கரையாத நீலமாக, இழைக்குள்ளேயே சிறைப்படும். காற்றுப் பட்டதுமே மாறிவிடுவதால் எழுதுகோலால் அதை எழுத முடியாது. எனவே நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி, முழுத்துணியையும் தொட்டியில் முக்கினார்கள்.

1868-இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார்கள். 1897-இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டும் தொழில் படுத்தது. எழுதுதுணிக் கலை முற்றாக அழிந்துவிடவில்லை. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் தேருக்குத் தொம்பையும் சீலையும் இன்னும் எழுதுகிறார்கள். கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் 2021-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்போது கடைக்கு வருவோம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ சிதம்பரத்து வீதி ஒன்றிலோ ஒரு சிறிய ஸ்க்ரீன் பிரிண்டிங் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிய பாலியஸ்டர் வலை. அதன்மேல் ஒளி பட்டால் இறுகும் பசையைத் தடவி இருட்டில் காயவைத்திருக்கிறார்கள். டிசைனைக் கருப்பில் அச்சிட்ட ஃபிலிமை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். சில இடங்களில் மொட்டைமாடி வெயிலே போதும். புற ஊதாக் கதிர் பட்ட பசை இறுகி வலையை அடைக்கும். கருப்புக்கு அடியில் இருந்த பசை இறுகாமல் தண்ணீரில் கழுவிப் போய்விடும். அந்தத் திறந்த கண்கள் வழியே மை இறங்கும்.

தமிழ் எழுத்து சண்டைபோடுவது இந்த இடத்தில்தான். 120 மெஷ் வலை என்றால் ஓர் அங்குலத்துக்கு 120 இழை. ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் இடையே 0.21 மில்லிமீட்டர். இழையின் தடிமன் போக, திறந்திருக்கும் ஓட்டை சுமார் 0.14 மில்லிமீட்டர்தான். உங்கள் வசனத்தின் மெய்யெழுத்துக்கு மேலுள்ள புள்ளி அரை மில்லிமீட்டர் என்றால், அது இரண்டே கண்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓர் இழை குறுக்கே விழுந்தால் பாதிப் புள்ளி போச்சு. வெற்றிவேல், வெற்றிவேல ஆகிவிடுவார். இதற்கு நேர்மாறான தொல்லை ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம். அங்கே இறுகிய பசை ஒரு குட்டித் தீவாக ஓரிரு இழைகளை மட்டும் பற்றிக்கொண்டு நிற்கிறது. கழுவும்போது அது பிய்ந்துவிட்டால் சுழி மையால் நிரம்பி மொத்தையாகிவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒத்துவரும் அதே அளவில் தமிழை அடிக்கச் சொல்வது தவறு. ஒன்று எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் நெருக்கமான வலைக்குப் போக வேண்டும். கோரல் டிராவில் எழுத்துருவைக் கோடாக மாற்றித்தான் ஃபைலை அனுப்ப வேண்டும். இல்லையென்றால் கடைக்காரர் கணினியில் கொம்பு ஒருபக்கமும் கால் ஒருபக்கமும் போய் நிற்கும்.

மை விஷயத்துக்கு வருவோம். டி-ஷர்ட் கடைகளில் புழங்கும் பிளாஸ்டிசால் மை, பிவிசி துகள்கள் ஒரு திரவத்தில் மிதக்கும் கூழ். அழுத்தினால் இளகும், விட்டால் கெட்டியாகும். அதனால்தான் ரப்பர் கட்டையால் இழுக்கும்போது வலை வழியே வழுக்கி இறங்கி, துணிமேல் விழுந்ததும் ஓடாமல் நிற்கிறது. இது இழையோடு வேதிப் பிணைப்பு எதுவும் கொள்வதில்லை. சூட்டில் துகள்கள் திரவத்தை உறிஞ்சி உப்பி, சுமார் 160 டிகிரி செல்சியஸில் ஒன்றோடொன்று உருகி ஒரே படலமாகி, இழைகளைச் சுற்றி இறுகிக்கொள்ளும். அந்தச் சூடு படலத்தின் அடிவரை போகவில்லை என்றால் மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே துகள்கள் துகள்களாகவே இருக்கும். நாலைந்து துவையலில் வெடிப்பது இதுதான். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி அவசர அவசரமாக அடித்த டி-ஷர்ட்டுகளில் இது அதிகம். இந்தச் சூடேற்றல் (கியூரிங்) சரியா என்று பார்க்க, ஆறிய பிறகு அச்சை இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் வெந்தது போதாது.

நீர் சேர்ந்த பிக்மெண்ட் மையில் நிறத்தூளை அக்ரிலிக் பசை பிடித்துக்கொள்கிறது. கைக்கு மெத்தென்று இருக்கும். அதிலுள்ள தண்ணீர் முழுக்க ஆவியாகும் வரை துணியின் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, தாண்டிய பிறகுதான் பசை இறுகும். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் இது பெரிய சிக்கல். பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் வைத்திருக்கும், அடைமழைக் காலத்தில் இன்னும் கூடும். பாலியஸ்டருக்கு இது அரை சதவீதம்கூட இல்லை. மழைக்காலத்தில் அச்சிடுவதற்கு முன் வெறும் துணியை ஒருமுறை ஹீட் பிரஸ்ஸில் அழுத்தி ஈரத்தை விரட்டாத கடையில் ஸ்டிக்கர் வகை அச்சு கொப்புளம் விடும். இப்போது எங்கும் பரவியிருக்கும் டிடிஎஃப் அப்படிப்பட்டதுதான். ஃபிலிமில் நிறத்தை அச்சிட்டு, அதன் முதுகில் உருகும் பசைத்தூளைத் தூவி, சூட்டில் துணிக்கு மாற்றுகிறார்கள். பத்து டி-ஷர்ட்டுக்குப் பத்து விதமான பெயர் வேண்டுமென்றால் இதைவிட வசதியானது இல்லை. காற்றோட்டம்தான் போய்விடும். நெஞ்சு முழுக்கப் பெரிய படம் ஒட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் நிற்பவரைக் கேளுங்கள்.

கபடிக் குழுவின் ஜெர்சிக்கு வேறு கணக்கு. அது பாலியஸ்டர். தாளில் கண்ணாடிப் பிம்பமாக அச்சிட்டு, துணிமேல் வைத்து இருநூறு டிகிரி வாக்கில் அழுத்தினால் சாயம் திரவமாகாமலே ஆவியாகும். அந்தச் சூட்டில் பாலியஸ்டரின் மூலக்கூறுச் சங்கிலிகள் தளர்ந்திருக்கும். சாய ஆவி உள்ளே புகும், ஆறியதும் சங்கிலிகள் இறுகும், சாயம் மாட்டிக்கொள்ளும். வெடிக்கவோ உரியவோ மேலே படலமே இல்லை. ஆனால் வெள்ளை அல்லது வெளிர்த் துணியில்தான் இது எடுபடும். பருத்தியில் நிற்காது. இதே சங்கதி எதிர்த்திசையிலும் வேலை செய்யும். சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை பிளாஸ்டிசால் அடித்துச் சூடு காட்டினால், துணியின் சாயம் ஆவியாகி மைக்குள் ஏறி, மறுநாள் எண்கள் ரோஜா நிறத்தில் நிற்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்கள் பாதிக் குற்றத்தைத் துணிமேலும் போட வேண்டும்.

சாயவேருக்கு உண்மையான வாரிசு என்று நான் சொல்வது ரியாக்டிவ் சாயத்தை. 1950-களில் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் ராட்டி, ஸ்டீபன் இருவரும் கண்டுபிடித்தது, 1956-இல் விற்பனைக்கு வந்தது. உலோகத்தை நடுவில் வைக்காமல், சோடா சேர்த்ததும் சாயமே பருத்தியின் செல்லுலோசோடு நேரடி வேதிப் பிணைப்புப் போட்டுக்கொள்கிறது. இதை அச்சிடக் கஞ்சிப் பசை ஆகாது. கஞ்சியும் செல்லுலோஸின் உறவு என்பதால் சாயம் அதோடும் பிணைந்துவிடும், துணி விறைத்துப்போகும். அதற்காகக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட்டைப் பயன்படுத்துகிறார்கள். மன்னார் வளைகுடாவில் அதற்கான பாசி கிடைக்கிறது. பிணைப்பில் சேராமல் மிஞ்சிய சாயத்தையும் உப்பையும் என்ன செய்வது என்பதுதான் இதன் மறுபக்கம். நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்குப் பிறகு 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் மூட உத்தரவிட்டதை மறந்துவிடக் கூடாது.

கணினியோடு இணைந்து நேராகத் துணியிலேயே அச்சிடும் டிடிஜி மெஷின்களில், அச்சுக்கு முன் ஒரு மருந்தைத் தெளித்துக் காயவைக்கிறார்கள். மை படராமல் அந்த இடத்திலேயே திரளவும், இழையைப் பிடிக்கவும் அது உதவுகிறது. கடுக்காயும் எருமைப் பாலும் செய்த அதே இரண்டு வேலைகள். அந்த மருந்தைச் சிக்கனம் பிடிக்கும் கடையில் எத்தனை லட்ச ரூபாய் மெஷின் இருந்தாலும் படம் மங்கலாகத்தான் வரும்.

நம் ஆட்கள் டிசைனில் தொடங்கி, விலையில் நின்று, துணியைக் கடைசியில் கேட்கிறார்கள். வரிசையைத் திருப்புங்கள். முதலில் துணி பருத்தியா, பாலியஸ்டரா, கலப்பா என்று முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற முறை எது என்று கடைக்காரரிடம் கேளுங்கள், டிசைன் அதற்குப் பிறகு. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பே ஒரே ஒரு சாம்பிள் அடித்து வாங்கி, ஒருநாள் விட்டு, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி நாலு முறை துவைத்துப் பாருங்கள். அது தாங்கிய பிறகு மீதிக்கு முன்பணம் கொடுத்தால் போதும்.